இரண்டு மைக்ரான் உண்மை

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட் ஒன்றை வாங்கி, கழுவித் துடைத்து, ஒரு துண்டு கத்தரித்து, அகச்சிவப்பு நிறமாலைமானியின் வைர மேடைமேல் வையுங்கள். படம் போட்ட பக்கம் வைரத்தைத் தொட்டால், அரை நிமிடத்தில் திரையில் 'பாலியெஸ்டர்' என்று வரும். அதே துண்டைத் திருப்பிப் போட்டால் 'பாலிஎத்திலீன்' என்று வரும். இரண்டு பதிலுக்கும் பக்கத்தில் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு பொருத்த மதிப்பெண். நடுவே ஓர் அலுமினியப் பூச்சு இருக்கிறது, அச்சு மை இருக்கிறது, அடுக்குகளைப் பிடித்துவைத்திருக்கும் ஒட்டுப்பசை இருக்கிறது. அவற்றைப் பற்றி எந்தப் பக்கமும் வாய் திறக்காது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இந்தப் பாக்கெட்டைத்தான். 'இது என்ன பிளாஸ்டிக் என்று பார்த்துச் சொல்' என்பேன். ஒருவர் பாலியெஸ்டர் என்று எழுதுவார், அடுத்தவர் பாலிஎத்திலீன் என்று எழுதுவார். பிறகு கருவியில் கோளாறா, கை மாறிப் போனதா என்று இருவரும் கொஞ்ச நேரம் சண்டை போடுவார்கள். திருப்பிப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றுவதற்குச் சிலருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 'எந்தப் பக்கம்' என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இன்று எங்கும் கேட்கும் பேச்சு இது: மாதிரியை வைரத்தின் மேல் அப்படியே வைத்து அளக்கும் ஏடிஆர் (ATR) முறை வந்துவிட்டது, இனி மாதிரி தயாரிப்பு என்பது முடிந்த கதை. பொட்டாசியம் புரோமைடு வில்லை, நுஜோல் குழைவு, உப்புத் தகடு, திரவக் கலம் எல்லாம் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு உதவும், அவ்வளவுதான். மாதிரியை வை, திருகை இறுக்கு, பொத்தானை அழுத்து. மிச்சத்தை, சேமித்துவைத்த நிறமாலைகளோடு ஒப்பிடும் நூலகத் தேடல் பார்த்துக்கொள்ளும். கருவி விற்பவர் இதைச் சொல்வது அவர் தொழில். தரக் கட்டுப்பாட்டு மேலாளர்கள் சொல்கிறார்கள், பேராசிரியர்கள் சொல்கிறார்கள், பாடத்திட்டம் வகுப்பவர்களும் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன நியாயம் அல்ல. பொட்டாசியம் புரோமைடு வில்லை 1952இல் அறிமுகமானது. அதன்பின் வந்த பல தலைமுறை மாணவர்களின் மதிய வேளைகளை அது தின்றிருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிகிராம் மாதிரியை நூறு இருநூறு மில்லிகிராம் உப்போடு சேர்த்து, அகேட் கல்வத்தில் மாவாக அரைக்க வேண்டும். அரைத்தது போதவில்லை என்றால், துகள்கள் ஒளியைச் சிதறடித்து அடிக்கோடு மலைச்சரிவு போலச் சாய்ந்துவிடும், சிகரங்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். அரைத்ததை 13 மில்லிமீட்டர் அச்சில் கொட்டி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எட்டுப் பத்து டன் கொடுத்து அழுத்த வேண்டும். கண்ணாடி போல வந்தால் அதிர்ஷ்டம். சென்னையின் நவம்பர் மாதத்தில் பெரும்பாலும் பால்கோவா போலத்தான் வரும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததை அலைஎண் (ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்ற கணக்கு) 3400 அருகிலும் 1630 அருகிலும் நீரின் பட்டைகளாகக் காட்டிக்கொடுக்கும். மாதிரியில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறதா, மழை பெய்ததா என்று தெரியாமல் விழித்தவர்கள் பலர். நுஜோல் வேறு ஒரு கதை. அது திரவ பாரஃபின். அந்தப் பெயரில் ஒரு காலத்தில் மலமிளக்கியாக விற்கப்பட்டது. அதில் குழைத்தால் 2900 சுற்றுவட்டாரத்திலும் 1460, 1377 இடங்களிலும் அதன் சொந்தப் பட்டைகள் எழுந்து மாதிரியை மறைக்கும். இந்தத் தொல்லைகளிலிருந்து விடுதலை கிடைத்தது என்றால் நானும் கைதட்டத்தான் செய்வேன்.

ஆனால் கிடைத்தது தொல்லையிலிருந்து விடுதலையே ஒழிய, தயாரிப்பிலிருந்து அல்ல. தயாரிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவே. வில்லை பழுதானால் வெள்ளையாகக் கண்ணில் படும், தூக்கி எறிந்துவிடலாம். ஏடிஆரில் தவறு நேர்ந்தால் அழகான, வழவழப்பான, தட்டையான அடிக்கோடு கொண்ட ஒரு நிறமாலை கிடைக்கும். அதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

அந்த வைரத்துக்குள் என்ன நடக்கிறது? பள்ளிப் புத்தகத்தில் படித்த முழு அக எதிரொளிப்புதான். அடர்ந்த ஊடகத்திலிருந்து ஒளி மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிய சாய்வில் வந்தால், எல்லையைக் கடக்காமல் அப்படியே உள்ளே திரும்பும். அப்படித் திரும்பும் இடத்தில் ஒளியின் மின்புலம் எல்லைக்கு அப்பால் சற்றே எட்டிப்பார்த்துவிட்டு மடிகிறது. அங்கே ஒரு பொருள் ஒட்டியிருந்தால், தனக்குப் பிடித்த அலைகளை அது கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். திரும்பும் ஒளியில் அந்தக் குறை தெரியும். 1960, 61இல் ஹாரிக் ஒரு பக்கமும் ஃபாரன்ஃபோர்ட் இன்னொரு பக்கமுமாகத் தனித்தனியே கண்டுபிடித்த வழி இது.

எட்டிப்பார்க்கும் தூரம் எவ்வளவு? வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4, பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 1.5, ஒளி விழும் கோணம் 45 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அலைஎண் 1000இல் சுமார் 2 மைக்ரான் வருகிறது. (எண் கூடினால் அலை குட்டை.) அந்த ஆழத்தோடு புலம் பட்டென்று அறுந்துவிடாது, அங்கே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்திருக்கும். ஆனாலும் ஷாம்பு பாக்கெட்டின் வெளி அடுக்கே பத்து மைக்ரானைத் தாண்டும் என்னும்போது, வைரம் பார்த்தது தோலின் தோலைத்தான்.

இந்த ஆழம் நிலையான ஒன்றாக இருந்தாலாவது பரவாயில்லை. அது அலைநீளத்தோடு சேர்ந்து நீள்கிறது, சுருங்குகிறது. அதே கணக்கை அலைஎண் 3000இல் போட்டால் 0.67 மைக்ரான்தான். ஆகவே கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் நீளும் 2900 வட்டாரத்தில் பார்த்த பொருளின் தடிமன், கார்பன்–ஆக்சிஜன் பட்டைகள் வரும் 1000 வட்டாரத்தில் பார்த்ததில் மூன்றில் ஒன்று. ஒரே நிறமாலையின் இரு முனைகள் இரு வேறு தடிமன்களைப் பற்றிப் பேசுகின்றன. இதோடு, வலுவான பட்டை உள்ள இடத்தில் மாதிரியின் ஒளிவிலகல் எண்ணும் ஏறி இறங்குவதால், பட்டையின் உச்சி கொஞ்சம் குறைந்த அலைஎண் பக்கம் நகர்ந்துவிடும். பழைய வில்லை நிறமாலைகள் நிரம்பிய நூலகத்தில் இந்த நிறமாலையைத் தேடவிட்டால் மதிப்பெண் குறையும். குறைந்தால் 'மாதிரி கலப்படம்' என்று அறிக்கை போகும்.

'அதற்குத்தான் மென்பொருளில் ஏடிஆர் திருத்தம் இருக்கிறதே' என்பது உடனே வரும் பதில். இருக்கிறது. அந்தத் திருத்தம் மாதிரியின் ஒளிவிலகல் எண்ணை நம்மிடம் கேட்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 1.5 என்பது போன்ற ஒரு மதிப்பைத் தானே வைத்துக்கொள்ளும். மாதிரி வைரத்தோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது அனுமானம்தான் அடிக்கடி காலை வாரும். எண்ணெய் விரிந்து ஒட்டும், மெழுகு நசுங்கி ஒட்டும். கெட்டியான பிளாஸ்டிக் குருணை ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். நடுவே அரை மைக்ரான் காற்று இருந்தால் போதும். நிறமாலை மொத்தமும் ஒரே அளவில் மங்கினால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம், அப்படி மங்குவதும் இல்லை. எட்டிப்பார்க்கும் ஆழம் குறைவான 3000 பக்கம் முதலில் அடிபடும், 1000 பக்கம் பிழைத்துக்கொள்ளும். பட்டைகளுக்கிடையேயான விகிதமே பொய்யாகிவிடும். பழைய பிளாஸ்டிக் வெயிலில் எவ்வளவு சிதைந்தது என்று இரண்டு பட்டைகளின் விகிதத்தை வைத்துச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது, குருணையைக் கத்தியால் சீவித் தட்டையான முகம் காட்டி வைத்தார்களா என்றுதான் முதலில் தேடுவேன். பல கட்டுரைகளில் அந்த வரி இருக்காது.

கறுப்பு ரப்பருக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். டயர்த் துண்டில் கார்பன் கரி நிறைந்திருக்கும். கரி அகச்சிவப்பை எல்லா இடத்திலும் விழுங்குவதோடு, பொருளின் ஒளிவிலகல் எண்ணையும் வைரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். முழு அக எதிரொளிப்பு என்ற அடிப்படையே ஆட்டம் காணும். வருவது சரிந்து கிடக்கும் அடிக்கோடும், தலையும் வாலும் திரிந்த பட்டைகளும்தான். இங்கே ஒளிவிலகல் எண் 4 கொண்ட ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்துக்கு மாற வேண்டும். அதில் ஆழம் அலைஎண் 1000இலும் 0.66 மைக்ரான்தான், ரப்பருக்கு அது வசதி. எந்தப் படிகம் என்று தேர்ந்தெடுப்பது தயாரிப்பு இல்லையென்றால் வேறு என்ன? வைரத்துக்கே ஒரு குறை உண்டு. 1800க்கும் 2600க்கும் இடையில் அதுவே ஒளியை உறிஞ்சுவதால் அந்த ஜன்னல் இரைச்சலாக இருக்கும். நைட்ரைலும் ஐசோசயனேட்டும் குடியிருப்பது சரியாக அந்தத் தெருவில்தான். பாலியூரித்தேன் முழுக்க இறுகியதா என்று ஐசோசயனேட்டின் 2270 பட்டையைத் தேடுகிறவர், வைரத்தின் மேல் வைத்து 'ஒன்றும் மிச்சமில்லை' என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கட்டும்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற சொல்: கைரேகைப் பகுதி. 1500க்குக் கீழே உள்ள நெரிசலான வட்டாரத்துக்கு இப்படிப் பெயர் வைத்தவர் நல்ல உவமைதான் சொன்னார். ஆனால் உவமையை மக்கள் சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு ரேகை, பொருளுக்கு ஒரு நிறமாலை, தேடினால் குற்றவாளி சிக்குவான் என்று. நல்லெண்ணெய் ஒரு சொட்டு வைத்து எடுங்கள். 2922, 2853, 1745, 1160, 722. துடைத்துவிட்டுக் கடலை எண்ணெய் வையுங்கள். பிறகு சூரியகாந்தி எண்ணெய். மூன்று நிறமாலைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடு போலத்தான் இருக்கும். ஏனென்றால் மூன்றும் டிரைகிளிசரைடுகள், அதே எஸ்டர், அதே நீண்ட கார்பன் சங்கிலி. தேங்காயெண்ணெய் மட்டும் கொஞ்சம் தனித்து நிற்கும். நிறைவுறாப் பிணைப்பு குறைவு என்பதால் 3006 அருகில் மற்றவற்றுக்கு உள்ள சிறு தோள் அதற்கு அநேகமாக இருக்காது. நல்லெண்ணெயில் மலிவு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று கேட்டு வருபவரிடம் '99 சதவீதம் பொருந்துகிறது' என்று தாளை நீட்டுவது பதில் ஆகாது. அந்த மதிப்பெண் தூய்மையின் சதவீதமும் அல்ல, உறுதியின் சதவீதமும் அல்ல. இரண்டு வளைகோடுகளின் வடிவம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு மட்டுமே.

இதை ஏதோ ஆய்வகத்து நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாத இடம் ஒன்று உண்டு. மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலப்பதால் வரும் சாவுகள் பழைய கதை. 1937இல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2006இல் பனாமா. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் 48.6 சதவீதம் அந்த நஞ்சு இருந்ததாக 2025 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசின் சோதனை சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்திருந்தார்கள். 48 சதவீதத்தைக் காண நுட்பமான கண் தேவையில்லை, சோதித்துப் பார்க்கும் மனம் போதும். நான் சொல்ல வருவது மறு முனையைப் பற்றி. மருந்துக்கான கிளிசரினில் அந்த நஞ்சுக்கு அமெரிக்க மருந்து நூல் அனுமதிக்கும் உச்சவரம்பு 0.10 சதவீதம். அந்த அளவையோ, அதைப்போலச் சில மடங்கையோ வைர மேடையும் நூலகத் தேடலும் காட்டாது. நிறமாலை 'கிளிசரின்' என்றுதான் சொல்லும், சொல்வதும் உண்மை. அதனால்தான் அந்த நூல் கிளிசரினை அடையாளம் காணும் சோதனைக்குள்ளேயே அகச்சிவப்போடு வாயு நிறப்பிரிகை முறையையும் சேர்த்து வைத்தது. அகச்சிவப்பு ஒன்றே போதும் என்று நினைத்திருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்னதால் கல்வமும் உப்பும் ஏந்திப் பழைய பொற்காலத்துக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு குட்டு உண்டு. மெபெண்டசோல் என்ற குடற்பூச்சி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூலக்கூறு மூன்று விதமாகப் படிகமாகும். நைட்ரஜன்–ஹைட்ரஜன் பட்டை ஏ வடிவத்தில் 3370இலும், பி வடிவத்தில் 3340இலும், சி வடிவத்தில் 3410இலும் வரும். மருந்தாகப் பயன்பட வேண்டியது சி. ஏ வடிவம் குடலில் உள்ள பூச்சியை அதிகம் தொந்தரவு செய்யாது. இப்படிப்பட்ட பொருளைக் கல்வத்தில் போட்டு அரைத்து, டன் கணக்கில் அழுத்தினால், ஆராய வந்த படிகமே மாறிப்போகும் அபாயம் உண்டு. ஹைட்ரோகுளோரைடு உப்பாக உள்ள மருந்துகளை பொட்டாசியம் புரோமைடோடு அரைத்தால் குளோரைடும் புரோமைடும் இடம் மாறிக்கொள்ளும். அதற்காகவே பொட்டாசியம் குளோரைடைப் பயன்படுத்தச் சொல்கின்றன மருந்து நூல்கள். இங்கெல்லாம் அரைக்காமல் அப்படியே வைத்துப் பார்க்கும் ஏடிஆர்தான் யோக்கியமான வழி, திருகை வெறி கொண்டு இறுக்காத வரை. வில்லையும் குழைவும் ஏடிஆரும் ஒன்றையொன்று தின்று வளர்ந்த தலைமுறைகள் அல்ல. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்பவை.

மாதிரி தயாரிப்பு செத்துவிட்டது என்று அறிவித்ததில் கூடவே செத்துப்போனவை சில சொற்கள். ஊடுகடத்தல் சதவீதம், உறிஞ்சளவு என்ற இரண்டையும் இன்று பல மாணவர்கள் திரையில் ஒரு பொத்தானின் இரண்டு நிலைகளாகத்தான் அறிகிறார்கள். ஒன்றில் சிகரம் தலைகீழ், மற்றதில் நேராக. பத்து சதவீத ஒளி தப்பி வந்தால் உறிஞ்சளவு 1, ஒரு சதவீதம் வந்தால் 2. செறிவோடும் தடிமனோடும் நேர்விகிதத்தில் ஏறுவது உறிஞ்சளவுதான். ஊடுகடத்தல் படத்தில் 5 சதவீதத்தைத் தொட்ட பட்டையும் 1 சதவீதத்தைத் தொட்ட பட்டையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும், பார்க்க வித்தியாசமே தெரியாது. உறிஞ்சளவில் ஒன்று 1.3, மற்றது 2. தடித்த படலத்தை நேராக ஒளிக்குக் குறுக்கே பிடித்து, பட்டைகள் தரைதட்டி நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்களுக்கு இது மறக்காது. வைரத்தின் இரண்டு மைக்ரான் பாதையில் பட்டை தரைதட்டும் அனுபவம் அபூர்வம். அதனால் ஒரு நிறமாலையிலிருந்து இன்னொன்றை ஊடுகடத்தல் அளவிலேயே கழித்துவிட்டு, மிச்சமாக வந்த கோணல்மாணலுக்கு ஒரு புதுச் சேர்மத்தின் பெயர் சூட்டுகிறார்கள்.

பின்னணி என்ற சொல்லும் அப்படித்தான். வெறும் படிகத்தை அளந்து கழிப்பதுதான் பின்னணி. முன்னால் வந்தவர் வைத்த எண்ணெயைச் சரியாகத் துடைக்காமல் பின்னணி எடுத்தால், நம் மாதிரியில் அந்த எண்ணெய் தலைகீழ்ச் சிகரங்களாக வந்து நிற்கும். 2349இல் முளைக்கும் பட்டை பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அதாவது கருவிமேல் குனிந்து பெருமூச்சு விட்டவருடைய மூச்சு. அதை நைட்ரைல் என்று எழுதிய ஆய்வேடு ஒன்றைத் திருத்தியிருக்கிறேன். எழுதியவர் இப்போது நல்ல வேதியியலர், பெயர் வேண்டாம்.

ஏடிஆரின் மிகச் சிறந்த வெற்றி என்று நான் சொல்வது டிரான்ஸ் கொழுப்பை அளப்பதைத்தான். வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் பிணைப்பு 966இல் தனியாக ஒரு பட்டை தரும். இந்தியாவில் 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு 2 சதவீத வரம்பு உண்டு. அந்தப் பட்டையை அளப்பதற்கான அதிகாரபூர்வ முறையைப் படித்துப் பாருங்கள். கொழுப்பை உருக்க வேண்டும், படிகத்தையும் சூடாக வைத்திருக்க வேண்டும், அறிந்த அளவு டிரான்ஸ் கொழுப்புள்ள மாதிரிகளைக் கொண்டு முதலில் அளவுகோல் போட வேண்டும், பக்கத்தில் உள்ள சிறு பட்டைகள் குழப்பாதபடி இரண்டாம் வகைக்கெழு எடுக்க வேண்டும். 'வைத்து அழுத்து' என்று அதில் எங்கும் இல்லை.

பாக்கெட்டுக்கு வருவோம். சண்டை ஓய்ந்ததும் மாணவர்களை உட்காரவைத்து அந்தத் துண்டைப் பிசினில் புதைக்கச் சொல்வேன். இறுகியபின் மைக்ரோடோமில் குறுக்காகச் சீவ வேண்டும். அகச்சிவப்பு நுண்ணோக்கியின் கீழ் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அடி அடியாக நகர்ந்து நிறமாலை எடுக்க வேண்டும். ஒட்டுப்பசை அடுக்கு சில மைக்ரான்தான், சாதாரண நுண்ணோக்கியில் அது இரண்டு பக்கத்து அடுக்குகளோடும் கலங்கித் தெரியும். ஜெர்மானியம் முனையை மேலே தொடவைத்தால் பசையாக உள்ள பாலியூரித்தேனின் பட்டைகள் தெளியும். அலுமினியம் எந்தப் பட்டையும் தராது, அதற்கு வேறு கருவியிடம் போக வேண்டும். எல்லாம் சேர்த்து அரை நாள் ஆகும். தரக் கட்டுப்பாட்டு மேலாளர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, 'அரை நிமிட வேலைக்கு அரை நாளா?' என்றார். அந்த அரை நிமிடத்தில் வந்த இரண்டு பதில்களில் அவருக்கு எது வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுவாரம் அதே மாணவர்களில் ஒருத்தியிடம் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். மேடையைத் துடைத்துவிட்டு, அட்டையைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் வைக்கணும், சார்?"